பதினோரு விடைத்தாள்களில் ஒரே கரடி

"டியூட்டர்னா என்ன வேலை சார்?" என்று போன மாதம் ஓர் இளம் விரிவுரையாளர் என்னைக் கேட்டார். எங்கள் பழைய கல்லூரியின் ஆங்கிலத் துறையில் மொழி ஆய்வகம் திறந்திருக்கிறார்கள். மாணவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பிழையை இயந்திரமே சொல்லிவிடுமாம். ஓய்வு பெற்ற கிழங்களில் இன்னும் நடமாடுகிறவன் என்று என்னையும் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார்கள். சுவரில் இருந்த பழைய பட்டியலில் என் பெயருக்கு நேரே 'டியூட்டர்' என்று இருந்ததைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை கேட்டது.

அந்தப் பதவி இப்போது இல்லை. விரிவுரையாளருக்குக் கீழே, அட்டெண்டருக்கு ஒரு படி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டெண்டர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பாடம் நடத்துகிற உரிமை டியூட்டருக்குக் கிடையாது. மாணவர்களின் கட்டுரை நோட்டுகளைத் திருத்துவது, ஆங்கில இலக்கணத்தில் தடுக்கி விழுகிறவர்களைத் தனியே உட்காரவைத்துத் தூக்கிவிடுவது, இவ்வளவுதான் வேலை. போளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பி.ஏ. முடித்து, இருபத்துமூன்று வயதில் அந்த வேலைக்கு வந்தேன். அறுபதுகளின் தொடக்கம். என் ஆங்கிலமும் அப்போது பாதிக்கு மேல் மனப்பாடம்தான். அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தவர் எங்கள் துறைத் தலைவர் ஏகாம்பரம்.

அவரை எல்லோரும் புரொபசர் என்றே சொல்வோம். அக்னி நட்சத்திரத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. மாணவர்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். கல்லூரி எல்லைக்குள் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வந்து அப்போதுவரை நான் கேட்டதில்லை. வீட்டில் மனைவியிடம் குழம்புக்கு உப்பு போதவில்லை என்பதை எந்த மொழியில் சொல்வார் என்று எங்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. யாரையும் பாராட்ட மாட்டார். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால் எவ்வளவு பெரிய புத்திசாலிக்கும் 'திருப்திகரம்' என்ற ஒரே சொல்தான். இவ்வளவுக்கும் அந்த மனிதரிடம் எனக்கு உயிர். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தவறியவர்கள் செப்டம்பரில் மறுபடியும் எழுதலாம். நடுவில் கிடைக்கிற மாதங்களில் அவர்கள் கடைத்தெருவில் கைடு வாங்கி, அதிலுள்ள கட்டுரைகளை உருப்போடுவார்கள். கைடு என்றால் புரொபசருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஆனி, ஆடி மாதங்களில் அந்த மாணவர்களை அள்ளிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய்விடுவார். அங்கே கைடு விற்க ஆளில்லை என்பதுதான் காரணம். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த ஒரு சாயபு, தோல் பதனிடத் தேவையான கடுக்காயை மலையில் வாங்கிச் சேர்த்து வைக்கப் புதூர்நாட்டில் ஒரு கிடங்கு கட்டியிருந்தார். அந்த மாதங்களில் அது காலியாகக் கிடக்கும். "ஒங்க கிடங்கா நெனச்சிக்கோங்க புரொபசர் சாப், ரஹீம் பாஸானா போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ரஹீம் அவர் மகன். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தவறிய பதினொருவரில் அவனும் ஒருவன்.

லாரி அடிவாரத்துச் செக்போஸ்டில் நின்றதும் வனக்காவலர் வந்து சந்தனக்கட்டை இருக்கிறதா என்று தேடுவார். சந்தனம் இறங்கி வருகிற வழியே தவிர ஏறிப் போகிற வழி இல்லை. ஆனாலும் தேடுவார். அவர் முடித்ததும் புரொபசர் இறங்கி, அதே டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி கைடு இருக்கிறதா என்று தேடுவார். வேட்டி மடிப்பில், தலையணை உறைக்குள், ஊறுகாய் ஜாடிக்கு அடியில் என்று அந்த வருஷம் ஒன்பது கைடுகள் அகப்பட்டன. காவலர் அவற்றை வாங்கி, பிடிபட்ட கட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்.

மலையில் எங்கள் வேலைமுறை இது. நேற்றுத் தன் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒவ்வொருவனும் காலையில் ஒரு பக்கம் எழுதவேண்டும். நான் திருத்துவேன். திருத்துவது என்றால் சிவப்பு மையால் கிறுக்குவது அல்ல. ஒரு வரியில் எத்தனை பிழையோ அத்தனை புள்ளி மட்டும் ஓரத்தில் வைக்கவேண்டும். எது பிழை என்று எழுதியவன்தான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் கிடைக்காவிட்டால் என்னோடு ஓடைவரை நடந்து, அந்த வரியை உரக்கப் படித்துக்கொண்டே வருவான். பத்துத் தடவை படித்தால் ஏழாவது தடவையில் அவன் காதே சொல்லிவிடும். பிறகு புரொபசர் எல்லா நோட்டுகளையும் எடுத்து, நான் பார்க்காமல் விட்ட பிழைகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கான புள்ளிகளை ஒரு தனித்தாளில் என் பெயருக்கு நேரே வைப்பார். முதல் வாரத்தில் மாணவர்களைவிட எனக்குத்தான் புள்ளி அதிகம். சூரியன் இருக்கும்வரை ஆங்கிலம்தான் பேசவேண்டும். தமிழ் பேசியவன் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரவேண்டும்.

அந்த வருஷம் பெரும்பாலான தண்ணீரைச் சுமந்தவர் சின்னப்பையன். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். இருப்பதில் மூத்தவர் அவர்தான், என்னைவிட ஒரு வயது பெரியவர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. திருப்பத்தூருக்குக் கிழக்கே மலையடிவாரத்துக் கிராமம். அப்பா இறந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவர். ஆங்கிலத்தில் மூன்று முறை தவறியிருந்தார். அவர் 'சார்' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு 'அண்ணே' என்று வாயில் வந்துவிடும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒரு வேலைக்கு அவர் பெயர் பட்டியலில் இருந்தது. பி.யு.சி. தேறியிருக்கவேண்டும், இருபத்தைந்து வயது நிறைந்திருக்கக்கூடாது. அவருக்கு அந்த வருஷக் கடைசியில் இருபத்தைந்து நிறைகிறது. அந்தச் செப்டம்பரை விட்டால் கதை முடிந்தது.

முதல் நாள் அவர் எழுதிக் கொடுத்த பக்கத்தில் எங்கள் ஊரில் ஓர் அழகான துறைமுகம் இருந்தது. கப்பல்கள் வந்து போயின. கைடிலிருந்து நெட்டுருப் போட்டது. துறைமுகம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வெற்றுத்தாள்தான் தந்தார், இல்லாவிட்டால் மூன்று வரி. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஓடைக்கு நடக்கும்போது, "தண்ணி சுமக்கத்தான் மலைக்கு வந்தீங்களா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். நானும் ஒரு குடம் சுமக்கவேண்டியதாயிற்று.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நான் பாத்ததெல்லாம் சாமை, கேவுரு, மாடு, சாணி. இத்தப் போயி இங்கிலீஷ்ல எழுதுவாங்களா சார்? படிக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க?"

ஆங்கிலம் என்பது துறைமுகம் உள்ளவர்களின் மொழி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாமைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப சாமைன்னே எழுதுங்க. அது எப்படி வெளையுதுன்னு அவனுக்குப் புரியறமாதிரி சொல்லுங்க, போதும்" என்றேன். மறுநாள் ஒரு முழுப் பக்கம் வந்தது, மாட்டைப் பழக்கி ஏரில் பூட்டுவது பற்றி. நாற்பத்தொரு புள்ளி வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. புரொபசர் அதை இரண்டு தடவை படித்தார்.

இனிமேல்தான் கரடி வருகிறது.

கிடங்குக்குப் பின்னால் ஒரு பலாமரம். அடியில் புரொபசர் முகம் மழிக்க ஒரு முக்காலி, கண்ணாடி. ஒரு காலை விடிந்து வெளிச்சம் பரவியிருந்தது. அவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். நானும் ரஹீமும் பல் துலக்கிக்கொண்டிருந்தோம். சின்னப்பையன் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஊற்றிலிருந்து வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கிடங்குக்குள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பலாப்பழ வாசனைக்கு வந்த கரடி ஒன்று புதரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, புரொபசருக்குப் பத்தடி தூரத்தில் நின்றது.

புரொபசர் எழுந்தார், ஓடினார், கிடங்குக்குள் நுழைந்தார், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். என் வீரத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டேன். ரஹீம் ஓடிக் கதவில் மோதி, இரண்டு கையாலும் அடித்தான். "சார், கதவ தெறங்க, நான் வெளிய இருக்கேன்" என்று கத்தினான். கதவு திறக்கவில்லை. புரொபசர் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றதாகவும், கண் எங்கோ இருந்ததாகவும், தாங்கள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்றும் உள்ளே இருந்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

சின்னப்பையன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலி டின்னைக் கல்லால் அடித்துக்கொண்டு நேரே வந்து, ரஹீமுக்கும் கரடிக்கும் நடுவில் நின்றார். பன்றி விரட்டும்போது போடுகிற சத்தம் ஒன்று போட்டார். அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷமோ பத்து நிமிஷமோ, கரடி திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இருந்த ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. பாதி முகம் நுரை, பாதி முகம் தாடி. "ஏழு மணிக்கு வகுப்பு, கனவான்களே" என்றார் ஆங்கிலத்தில். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் சின்னப்பையன் இருந்த பக்கம் அன்றைக்கு அவர் முகம் திரும்பவே இல்லை. மறுநாள் காலை பதினோரு நோட்டுகளையும் ஆவலோடு திறந்தேன். எல்லோரும் மழையைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க ஒரு நோட்டிலும் கரடி வரவில்லை, யாரும் வாய் திறக்கவும் இல்லை.

செப்டம்பர் பரீட்சையில் கட்டுரைக் கேள்வி: உங்களால் மறக்கமுடியாத ஒரு நிகழ்ச்சியை விவரிக்கவும்.

மறக்கமுடியாதது வேறு எது இருந்தது அவர்களுக்கு? அடுத்தடுத்த பதிவெண்கள் கொண்ட பதினோரு விடைத்தாள்களிலும் ஒரு கிடங்கு, ஒரு பலாமரம், ஒரு கரடி. திருத்தியவர் என்ன நினைப்பார்? ஒருவன் எழுதிய பொய்யைப் பத்துப்பேர் காப்பியடித்திருக்கிறார்கள், அல்லது கேள்வி முன்கூட்டியே தெரிந்து எவனோ ஒரு கட்டுரையை எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்திருக்கிறான். அந்த எவனோ நான். பதினோரு பேரின் முடிவும் நிறுத்திவைக்கப்பட்டது. "நான் மட்டும்தான் இத்த எழுதுவேன்னு நெனச்சேன் சார்" என்று பதினோரு பேரும் தனித்தனியே என்னிடம் வந்து சொன்னார்கள். குற்றம் உறுதியானால் இரண்டு வருஷம் பரீட்சை எழுதமுடியாது. மற்றவர்களுக்கு இரண்டு வருஷம் போகும், சின்னப்பையனுக்கு வேலையே போய்விடும்.

பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை புரொபசர் வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், கரடி வந்தது நிஜம் என்று அவர் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் கரடியைச் சொன்னால் கதவையும் சொல்லவேண்டும். நான் எப்படிக் கேட்பது? அவர் எனக்குக் காபி கொடுத்து, வருகைப் பதிவேட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நான் எழுந்தேன். வாசல்வரை வந்து, மழை வரும்போல இருக்கிறது, குடை இருக்கிறதா என்று கேட்டார். தெருவில் இறங்கியதும் வந்த கோபத்தில் அவர் எனக்குச் செய்த நல்லது அத்தனையையும் மறந்தேன். நாளைக்கு நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவுசெய்துகொண்டேன்.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. துறைத் தலைவர் என்ற முறையில் புரொபசரும் ஒரு நாற்காலியில் இருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மலையில் எழுதிய நோட்டுகளை மேசையில் வைத்தேன். விசாரணைக் குழுவின் தலைவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"தினமும் பார்த்ததை எழுதச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இவற்றில் கரடியே இல்லையே, ஏன்?" என்றார்.

போட்டு உடைக்க வந்தவன் திரும்பிப் பார்த்தேன். புரொபசர் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோட்டின் மேல்பொத்தான் பிய்ந்து, வேறு நிறப் பொத்தான் தைத்திருந்தது கண்ணில் பட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

"பையன்கள் கரடி விட்டிருக்கிறார்கள்" என்று உறுப்பினர் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

தலைவர் சிரிக்கவில்லை. "பத்துத் தாளில் ஆசிரியர் கதவைச் சாத்திக்கொள்கிறார், ஒரு மாணவன் கரடியை விரட்டுகிறான். ஒரே ஒரு தாளில்தான் மாற்றம். அதில் மாணவன் இல்லை. ஆசிரியரே கரடியை விரட்டுகிறார். அதை எழுதியவரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

சின்னப்பையன் வந்து நின்றார். அப்போதுதான் எனக்கே விளங்கியது. பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து, தன் பிழைப்பே தொங்குகிற அந்தத் தாளில், தான் செய்ததை எடுத்துப் புரொபசருக்குக் கொடுத்திருக்கிறார் இந்த மனிதர்.

"இது நீங்கள் எழுதியதா?"

"ஆமாம் சார்."

"இது உண்மையானால் மற்ற பத்துப் பேரும் பொய் எழுதியிருக்கவேண்டும். அவர்கள் எழுதியது உண்மையானால் நீங்கள் பொய் எழுதியிருக்கவேண்டும். எது?"

கேள்விகள் ஆங்கிலத்தில். சின்னப்பையனுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, அது முகத்தில் தெரிந்தது. தன்னுடையது நிஜம் என்றால் ரஹீம் முதற்கொண்டு பத்துப் பேர் தொலைந்தார்கள். பொய் என்றால் புரொபசர் மானம் போகும். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு தமிழில் மெல்லச் சொன்னார்: "என்னத மட்டும் அடிச்சிடுங்க சார். அவங்கள வுட்ருங்க. வேற ஒன்னும் கேக்காதீங்க."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. புரொபசர் எழுந்து நின்றிருந்தார். ஆங்கிலத்தில்தான் பேசப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"கதவ சாத்தினது நான்" என்றார் தமிழில், எங்கள் பக்கத்துத் தமிழில். "தாப்பா போட்டதும் நான். அந்தப் பையன் வெளிய நின்னு கதவத் தட்டுனான். கேட்டுது. தெறக்கல. இவருதான் டின்ன அடிச்சிக்கினு முன்னால போயி நின்னாரு. பத்துப் பேரும் நடந்தத எழுதியிருக்காங்க. இவரு எனக்கோசரம் மாத்தி எழுதியிருக்காரு."

தலைவர் கேட்டார்: "அப்படியானால் நோட்டில் ஏன் எழுதவில்லை?"

"அந்த நோட்ட தெனம் படிக்கிறவன் நான். எப்படி எழுதுவாங்க?"

ரஹீமைப் 'பையன்' என்றவர், சின்னப்பையனை 'இவரு' என்றார். முந்தின நாள் தெருவில் நான் பட்ட கோபத்துக்கு வெட்கப்பட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியே வராந்தாவில் புரொபசர் சின்னப்பையனிடம் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். "திருத்தறவரு உங்க சிநேகிதரா இருந்துட்டா இன்னா பண்றதுன்னு தோணிச்சி சார். அவரு உங்கள எங்கயாவது பாப்பாரு, மனசுல வெச்சிக்குவாரு" என்றார் அவர்.

பத்து நாளில் முடிவு வந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். சின்னப்பையன் தேறினார். ரஹீம் தேறவில்லை, வேறு பிழைகள் அவ்வளவு இருந்தன. சாயபு அதற்கும் பிரியாணி அனுப்பினார், பையன் கரடிக்குத் தப்பியதற்காக.

சின்னப்பையன் வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தார். துறையின் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்வதும் டியூட்டர்தான். இரண்டு விரலை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு, வழக்கமான அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். புரொபசர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நான் ஒரு கதவைத் தாழிட்டேன். இவர் அதற்கு வெளியே நின்றார், ஓடவில்லை. இவரை நம்பி எந்த வேலையையும் கொடுக்கலாம்." கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து நீட்டினார்.

சின்னப்பையன் நின்றபடியே படித்தார். ஒரு சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத்த ஆபீஸ்ல குடுக்கமாட்டேன் சார்" என்றார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். அவங்களுக்குச் சாதாரணமா ஒன்னு எழுதிக் குடுங்க."

புரொபசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் புதுத் தாளைச் சுற்றி, யாரையும் கேட்காமல், 'திருப்திகரம்' என்று அடித்தேன். அதைக் கொடுத்துத்தான் அவர் வேலையில் சேர்ந்தார்.